பூச்சுக்கு அடியில்

அத்தியாயம் பதினொன்று

மச்சினி காலையில் வரும்போதே பெட்டியோடுதான் வந்தாள்.

"அது எதுக்கு?" என்றான் மெக்கானிக்.

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். பெட்டி இருந்தது. "கை தானா எடுத்துடுச்சு மாமா," என்றாள். திரும்பப் போய் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

இன்று அந்தப் பெட்டிக்கு வேலை இல்லை. இருக்கவும் கூடாது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். மெக்கானிக்கின் மனைவி ஒரு காலத்தில் மழலைப் பள்ளியில் டீச்சர். ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது கால்களின் பிடிமானத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நன்றாகத்தான் நடப்பாள். நடந்துகொண்டே இருக்கும்போது நூல் அறுந்த மாதிரி விழுவாள். எப்போது என்று அவளுக்கும் தெரியாது. பள்ளி போய்விட்டது. டீச்சர் என்ற பெயர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. கட்டிய கணவனே அப்படித்தான் கூப்பிடுகிறான்.

உடல் ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைத்தது. ஆனால் காலக்கெடுவோடு. அந்தப் பணத்தில்தான் பகல் முழுக்க அவளோடு இருக்கும் ஆயாவுக்குச் சம்பளம். மெக்கானிக் லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி வேலை பார்க்கிறவன். நினைத்தபோது ஓடிவர முடியாது. கெடு முடிந்ததும் நீட்டிக்கச் சொல்லி எழுதினார்கள். மறுத்துவிட்டார்கள். விழுந்ததற்கான அடையாளம் உடலில் எதுவும் இல்லையாம்.

இல்லைதான். ஏன் இல்லை என்பது போன வாரம்தான் மூன்று பேருக்கும் ஒன்றாக உறைத்தது.

மச்சினி மணப்பெண் அலங்காரக்காரி. அக்கா வெளியே கிளம்பினால் அவள் பெட்டியைத் திறப்பாள். மருந்துக் கடையில் ஒரு பெண், மெக்கானிக்கைக் கண்ணால் எரித்துக்கொண்டே, டீச்சரின் உள்ளங்கையில் அடிவாங்கும் மனைவிகளுக்கான உதவி எண் எழுதிய சீட்டைத் திணித்தாளே, அந்த நாளிலிருந்து அது வழக்கம். தாடையில் கன்றியிருந்தால் தாடை, கையில் இருந்தால் கை. தோலோடு தோலாகப் பூசி மறைத்துவிட்டுத்தான் வாசல் தாண்டவிடுவாள். உடல் பரிசோதனைக்குப் போன அன்றும் அதே சுறுசுறுப்போடு பூசி அனுப்பிவைத்தாள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு பழகிப்போயிருந்தது.

இன்று மேல்முறையீட்டு விசாரணை. ஆயா வேறு வீடு பார்த்துவிட்டாள். "இந்த மாசக் கடைசி வரைக்கும் நிப்பேன் தம்பி, அதுக்கு மேல எனக்கும் வயிறு இருக்கில்ல" என்று அழுதுகொண்டே சொன்னாள். பணம் வராவிட்டால் டீச்சர் பகலில் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இவன் வேலையை விட வேண்டும். மூன்றாவது வழி எவ்வளவு துழாவியும் கைக்கு அகப்படவில்லை.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள் குளியலறையில் விழுந்ததில் தாடை கறுத்திருந்தது. கன்னத்து எலும்பில் அதற்கு முந்தையது, மஞ்சளாக வெளுத்துக்கொண்டு வந்தது.

"முழுக்கை வேணாம்க்கா," என்றாள் மச்சினி. "குட்டைக் கை போட்டுக்கோ. எல்லாம் தெரியணும்."

"கண்காட்சிக்குப் போற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். மறைச்சதுக்குத்தானே இவ்வளவு பாடு."

"முடியையாவது வாரிக்கலாமா, இல்ல அதுக்கும் மார்க் குறைப்பாங்களா?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்து ரொம்ப நாளாகிறது. சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். நகத்துக்குள் இருந்த கிரீஸ் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

வாடகைக் கார் ஓட்டுநர் கண்ணாடியில் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார். அதற்கப்புறம் ரோட்டை மட்டும் பார்த்தார். மூன்றையும் மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சரும் பார்த்தாள். "அண்ணே, நான் பாத்ரூம்ல விழுந்துட்டேன்," என்றாள் தானாகவே.

"சரிங்கம்மா," என்றார் ஓட்டுநர்.

அந்தச் 'சரிங்கம்மா'வில் ஒரு துளி நம்பிக்கைகூட இல்லை.

விசாரணை நடக்கும் கட்டடத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது. கதவு மூடும்போதே ஒரு உதறல். மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"வேலையா வந்திருக்கோம், வேலை பார்க்க வரல," என்றாள் டீச்சர்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் தரைக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது. "படி மாதிரி இருக்கு, பார்த்து," என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் காலை வைத்துவிட்டாள். முழங்கால் மடங்கியது. அவன் கை பாய்ந்துபோய் அவளுடைய மேற்கையைக் கவ்வியது. இரும்புக் கயிறு பிடித்துப் பழகிய கை. அவள் தொங்கினாள், விழவில்லை.

"இதைப் பார்க்க ஒருத்தரும் இல்ல பாரு," என்றாள் மச்சினி, காலியான வராந்தாவைப் பார்த்து.

அறை சின்னது. ஜன்னல் திறக்காத ஜன்னல். நடுவில் விசாரணைக் குழுவின் தலைவி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். அவருக்கு ஒரு பக்கம் டாக்டர். இன்னொரு பக்கம் குறிப்பெழுதுகிற உறுப்பினர். துறையின் சார்பில் பேச ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வயதில் மச்சினியைவிடச் சின்னவராக இருப்பார்.

கடுகடுப்பானவர்கள் யாரும் இல்லை. தலைவி டீச்சருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முதுகுக்கு வேறு நாற்காலி வேண்டுமா என்று கேட்டார். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தபோது அந்தத் தெம்புக்காகத்தான் அதிகமாக வெட்கப்பட்டான்.

டைக்காரர் பரிசோதனை அறிக்கையைப் படித்தார். நன்றாக நடந்தார். அடிக்கடி விழுவதாகச் சொன்னார். உடலில் கன்றலோ கீறலோ இல்லை.

"இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் தலைவி.

"அன்னைக்கும் இருந்துச்சு மேடம்," என்றாள் டீச்சர். "மேக்கப் போட்டு மறைச்சிருந்தோம்."

"பரிசோதனைக்கு வரும்போதா?"

"ஆமாங்க."

"ஏன்?"

டீச்சர் கணவனைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். "ரோட்டுல பார்க்கிறவங்க தப்பா நினைக்கிறாங்க. அதனால எங்க போனாலும் மறைச்சுட்டுப் போறது பழக்கமாயிடுச்சு. அன்னைக்கு மறைக்கக் கூடாதுன்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

குறிப்பெழுதுகிறவர் எழுதினார்.

"நான்தான் மேடம் போட்டுவிட்டேன்," என்று மச்சினி எழுந்தாள். "அதான் என் தொழில். நீலத்து மேல ஆரஞ்சு வைக்கணும். மஞ்சளாயிருந்தா லேசா ஊதா. அதுக்கு மேல தோல் நிறம். யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்த டாக்டர் மேல தப்பே இல்ல."

நன்றாகத்தான் சொன்னாள். கொஞ்சம் பெருமையும் கலந்துவிட்டது. மெக்கானிக் தலைவியின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். நம்புகிற ஆட்டல்.

டைக்காரர் பேனாவை மூடினார்.

"ஒரே ஒரு கேள்வி," என்றார். "அடிபட்ட தோலை அடிபடாத மாதிரி காட்ட உங்களால முடியும். அடிபடாத தோலை அடிபட்ட மாதிரி காட்ட முடியுமா?"

மச்சினி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்க," என்றார் தலைவி.

"முடியும்," என்றாள். "நாடகத்துக்கெல்லாம் போட்டிருக்கேன். ஆனா இது..."

"நன்றி," என்றார் டைக்காரர்.

அறையில் ஏதோ நகர்ந்துவிட்டது. சத்தம் இல்லாமல்.

டாக்டர் எழுந்து வந்தார். நல்ல மனிதர். "கோபிச்சுக்காதீங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் பஞ்சை நனைத்து டீச்சரின் தாடையில் தேய்த்தார். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் அழுத்தி. டீச்சர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கோர்த்தது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"நிஜம்தான்," என்றார் டாக்டர்.

மச்சினி மூச்சுவிட்டாள். மெக்கானிக்கும் விட்டான்.

டாக்டர் போய் உட்கார்ந்திருக்கலாம். போகவில்லை. டீச்சரின் குட்டைக் கைத் துணியைக் கொஞ்சம் மேலே ஒதுக்கினார். கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். மற்ற கையையும் பார்த்தார்.

"இது எப்படி வந்துச்சு?"

"எது?"

"மேல் கையில. இங்க."

டீச்சர் எட்டிப் பார்த்தாள். லிஃப்ட் வாசலில் பிடித்தது இன்னும் சிவப்பாக இருந்தது. அதற்கு அடியில் பழையவை, பச்சையும் மஞ்சளுமாக. நீளநீளமாக, பக்கத்துப் பக்கத்தில். எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரல்.

யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக் தன் கைகளை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். இழுத்த பிறகுதான் இழுத்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டார்.

"நான் விழும்போது அவர் புடிப்பாரு," என்றாள் டீச்சர். "புடிச்சதுனால வந்தது. இப்ப லிஃப்ட்லகூட..."

"லிஃப்ட்ல யாராவது பார்த்தாங்களா?"

"என் தங்கச்சி இருந்தா."

தலைவி மச்சினியைப் பார்க்கவில்லை. அவளுடைய சாட்சியத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் மதிப்புப் போயிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்க," என்றார். "அவங்ககூடத் தனியாப் பேசணும்."

"அவ நின்னுக்கிட்டிருந்தா விழுந்துடுவா," என்றான் மெக்கானிக். காலையிலிருந்து அந்த அறையில் அவன் பேசிய முதல் வாக்கியம்.

"உட்கார்ந்துதான் இருக்காங்க," என்றார் தலைவி. அன்பாகத்தான் சொன்னார்.

வராந்தாவில் நீளமான பெஞ்சு. சுவரில் சக்கர நாற்காலி படம் ஒட்டியிருந்தது. எங்கே போக வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி பாதி உரிந்துவிட்டிருந்தது.

"நான் முடியும்னு சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் மச்சினி.

"கேட்டாங்க. சொன்ன."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

"அப்புறம் அதுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும்."

கதவுக்குள் பேச்சுக்குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. டீச்சரின் குரல் ஒரு முறை உயர்ந்தது. வகுப்பில் பிள்ளைகளை அடக்குகிற அதே சுருதி. பிறகு தணிந்தது.

"என்ன கேப்பாங்க மாமா?"

"தெரியாதா உனக்கு."

மச்சினி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கைகளில் இருந்த ஒவ்வொரு கன்றலும் அவளுக்கு மனப்பாடம். எது எப்போது நிறம் மாறும் என்றுகூடத் தெரியும். எல்லாவற்றையும் அவள்தான் மூடினாள். எப்படி வந்தது என்று ஒவ்வொரு முறையும் அக்கா சொன்னதைத்தான் கேட்டிருக்கிறாள். எதையும் நேரில் பார்த்ததில்லை, இன்று காலை லிஃப்டைத் தவிர.

"மாமா," என்றாள்.

"ம்."

"கோபப்படாம சொல்லுங்க. ஒரு தடவைகூட இல்லல்ல?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் உடனே, "ஐயோ, நான் சும்மா..." என்றாள். கண் கலங்கிவிட்டது. "என்னமோ கேட்டுட்டேன். விடுங்க மாமா."

"இல்ல," என்றான்.

பிடித்தேன் என்பதற்கும் அடித்தேன் என்பதற்கும் இடையே என்ன சாட்சி இருக்கிறது? அவள் தாடை தரையில் மோதிய நாளெல்லாம் அவன் பக்கத்தில் இல்லாத நாள். மேற்கை கன்றிய நாளெல்லாம் பக்கத்தில் இருந்த நாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவனே அவனைச் சந்தேகப்படுவான் போலிருந்தது.

கதவு திறந்தது. கூப்பிட்டார்கள்.

டீச்சர் அழுதிருக்கவில்லை. முகம் களைத்திருந்தது. அவனைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். தோற்றுவிட்டோம் என்பதற்கு அவளுக்கு வேறு சைகை தேவைப்பட்டதில்லை.

தலைவி நிதானமாகப் பேசினார். காயங்கள் உண்மை. ஆனால் சிலவற்றுக்கு விழுந்தது காரணம் என்று சொல்ல முடியவில்லை. சிலவற்றுக்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்ற நிலையில், மற்றவற்றை மட்டும் விழுந்ததால் வந்தவை என்று எடுத்துக்கொள்வது கடினம். குடும்ப நல அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வருவார். அவருடைய அறிக்கை வந்த பிறகுதான் மேல்முறையீட்டைத் தொடர முடியும்.

"அவங்க எப்ப வருவாங்க?" என்றான் மெக்கானிக்.

"அது வேற அலுவலகம். எங்களால சொல்ல முடியாது."

"அதுவரைக்கும் பணம்?"

"அதுவரைக்கும் பழைய முடிவுதான் நிக்கும்."

பழைய முடிவு என்றால் மறுப்பு. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நான் உள்ள சொன்னதை எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் டீச்சர்.

"எழுதியிருக்கோம்மா."

"நம்பலையா?"

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "இந்த நாற்காலியில உட்கார்ந்து நான் நிறைய பேரைப் பார்த்துட்டேன். அடிவாங்கினவங்க எல்லாருமே, புடிச்சாரு, அதான்னுதான் சொல்றாங்க. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. எனக்கு வித்தியாசம் தெரியலன்னுதான் சொல்றேன்."

பதில் சொல்ல முடியாத நியாயம். டீச்சர் தலையை அசைத்தாள்.

"அதிகாரி வர்ற வரைக்கும் தங்கச்சி வீட்டுல இருங்களேன்," என்றார் தலைவி.

"அவ வீடு கடைக்கு மேல. மாடிப்படி ஏறணும்."

"கீழ்த்தளத்துல வேற உறவுக்காரங்க யாரும் இல்லையா?"

"இருக்காரு," என்றாள் டீச்சர். "இவர்தான்."

டைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டார்.

வெளியே வந்தார்கள். மச்சினி லிஃப்டைக் கூப்பிட முன்னால் போனாள். வராந்தாவில் இப்போது ஆட்கள் இருந்தார்கள். அடுத்த விசாரணைக்கு வந்தவர்கள். ஊன்றுகோலோடு ஒருவர், கூட ஒரு பெண். அந்தப் பெண் டீச்சரின் தாடையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு மெக்கானிக்கைப் பார்த்தாள். அவன் ஒரு அடி தள்ளி நடந்தான். இன்னும் அரை அடி தள்ளிக்கொண்டான்.

"என்ன, ரோட்டுல தெரியாதவங்க மாதிரி வர்றீங்க?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணுமில்ல. நட."

"உள்ள என்ன கேட்டாங்க தெரியுமா? உங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வீங்கன்னு. லிஃப்ட் குழிக்குள்ள போய் உட்கார்ந்துக்குவாருன்னு சொன்னேன். அதையும் அவர் எழுதிக்கிட்..."

நூல் அறுந்தது.

அவன் கை கிளம்பிவிட்டது. பழக்கம். பாதி தூரம் போயும்விட்டது. மேற்கையின் சிவப்பு கண்ணில் பட்டது. ஊன்றுகோல்காரரோடு இருந்த பெண்ணின் கண்கள் பட்டன. கை அந்தரத்தில் நின்றது.

டீச்சர் விழுந்தாள். முழங்கால், இடுப்பு, தோள், கடைசியாகத் தலை. தரை சத்தம் போட்டது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் மண்டியிட்டான். டீச்சர் மல்லாந்து கிடந்தாள். வலியைவிட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் இருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் நீண்டே இருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "எட்டலையா?"

எட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அவன் கையை மடக்கிக்கொண்டான்.

மச்சினி ஓடி வந்தாள். அக்காவின் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். சத்தம் கேட்டு விசாரணை அறையின் கதவு திறந்தது. டாக்டர் வாசலில் நின்றார். கீழே கிடந்தவளைப் பார்த்தார். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவனைப் பார்த்தார்.

"இப்ப விழுந்தாங்களா?"

"ஆமா சார்."

"நீங்க பக்கத்துலதான் இருந்தீங்களா?"

டீச்சரின் கண்கள் அவன் மேல் இருந்தன. அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

"ஆமா சார்," என்றான்.

டாக்டர் குனிந்து டீச்சரின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். மச்சினியிடம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். பிறகு எழுந்து, மெக்கானிக்கிடம் வேறு எதுவும் கேட்காமல், உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் எதை எழுதப் போகிறார் என்று யோசித்தபடி அவன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்ததையா, பிடிக்காததையா?